கரையில் நிற்பது யார்?

அலைச்சறுக்குப் பலகையில் ஏற விரும்பும் தாய்மாருக்கு அலையைவிடப் பெரிய தடை வீட்டுக்குள்தான் இருக்கிறது. மாமல்லபுரத்திலும் இலங்கையின் அறுகம்பேயிலும் சில பெண்கள் அதைத் தாண்டியிருக்கிறார்கள்.

பெங்களூரில் கடல் இல்லை. கடல் பைத்தியத்துக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை இரவு மங்களூருக்கும் சென்னைக்கும் கிளம்பும் பஸ்களில், தோளில் பையும் காலில் ரப்பர் செருப்புமாக ஏறும் இளைஞர்களில் சிலர் அலைச்சறுக்குப் பழகப் போகிறவர்கள். சர்ஃபிங் என்றால் எல்லோருக்கும் புரியும். மேற்கே மங்களூரைத் தாண்டினால் முல்கி. கிழக்கே சென்னைக்குத் தெற்கே கோவளம், மாமல்லபுரம். எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இரவெல்லாம் பயணம், விடிந்ததும் கடல், ஞாயிறு இரவு மறுபடி பஸ், திங்கள் காலை அலுவலகம்.

இதே பயணத்தை இரண்டு குழந்தைகளின் தாய் ஒருத்தி செய்ய நினைத்தால்? வெள்ளி மாலைக்குள் இரண்டு நாளைக்கான மாவை அரைத்து வைக்க வேண்டும். பள்ளிச் சீருடை துவைத்து இஸ்திரி போட்டிருக்க வேண்டும். மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். பெரியவனுக்குத் திங்கட்கிழமை பரீட்சை இருக்கக் கூடாது. சின்னவளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது. இத்தனையும் கூடி வந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி காத்திருக்கும்: "குழந்தைகளை விட்டுவிட்டு அப்படியென்ன கடல்?" மூன்று நாள் நண்பர்களோடு மலையேறப் போகும் கணவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இது வெறும் ஆதங்கமில்லை, கணக்கும் இதைத்தான் சொல்கிறது. மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. அலைச்சறுக்கோ, தன் இஷ்டத்துக்கு நேரம் ஒதுக்கும் விளையாட்டல்ல. காற்று எழுவதற்கு முந்தைய அதிகாலையில்தான் பெரும்பாலும் அலை சீராக இருக்கும். அதாவது, பால் காய்ச்சி, டிபன் கட்டி, பிள்ளைகளை எழுப்பும் அதே நேரத்தில்.

ஆகவே இந்த விளையாட்டில் ஒரு தாய் நுழைவது எப்படி என்ற கேள்விக்குப் பலகையின் விலையோ உடல் வலுவோ முதல் பதில் அல்ல. அவள் அலையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் கரையில் நிற்பது யார் என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் மாமல்லபுரத்தில் இருக்கிறது. அங்கே போகும் வழி பெங்களூரிலிருந்தே தொடங்குகிறது. ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகை விளையாட்டு இந்தியாவில் வேர்விட்ட நகரங்களில் பெங்களூருக்கு முக்கிய இடமுண்டு. இந்நகரின் அதிதா வர்கீஸ், பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க 'கேர்ள் ஸ்கேட் இந்தியா' என்ற அமைப்பை 2015-இல் தொடங்கினார். இந்தியாவின் ஸ்கேட்போர்டுப் பெண்களை வைத்து ஒரு பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடலுக்குப் படமெடுக்க வந்தவர் இயக்குநர் சாஷா ரெயின்போ. அந்தப் பணியின்போது அவர் சந்தித்த சிறுமிதான் மாமல்லபுரம் மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த கமலி மூர்த்தி. வெள்ளைக் கவுனும் வெறுங்காலுமாகச் சரிவில் சக்கரப் பலகையில் பாயும் கமலியின் புகைப்படம் உலகமெங்கும் பரவியது. ஸ்கேட்போர்டு உலகின் சக்கரவர்த்தி எனக் கருதப்படும் அமெரிக்கர் டோனி ஹாக்கும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

சாஷா ரெயின்போ பின்னர் எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. படத்தின் பெயர் மகளுடையது. ஆனால் பார்த்து முடிக்கிறபோது மனதில் நிற்பவர் தாய் சுகந்தி. தனியாளாகப் பிள்ளை வளர்த்தவர். பிழைப்பு கடற்கரையில். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை, கை கால் போனால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்கக்கூடிய சூழலில், தனக்குக் கிடைக்காத சுதந்திரம் மகளுக்காவது கிடைக்கட்டும் என்று முடிவெடுத்தவர்.

இந்த முடிவின் கனம் மீனவர் குப்பங்களை அறிந்தவர்களுக்குப் புரியும். கடலுக்குப் போவது ஆண், கரைக்கு வந்த மீனை விற்றுக் காசாக்குவது பெண் என்பதுதான் அங்கே காலங்காலமான ஏற்பாடு. அலைச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்து, கடலால் பிழைத்து, கடைசிவரை நீச்சல் தெரியாமலே வாழ்ந்து முடித்த பெண்கள் நம் கடற்கரையில் ஏராளம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த கமலி, 2024-இல் கர்நாடகக் கடற்கரையில் நடந்த இந்திய ஓப்பன் அலைச்சறுக்குப் போட்டியில் 16 வயதுக்குட்பட்ட சிறுமியர் பட்டத்தையும் மகளிர் பட்டத்தையும் ஒருசேர வென்றார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. அதில் ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றார்.

கமலியின் வெற்றிக்குக் கரையில் ஒரு தாய் நின்றார். சரி. அந்தத் தாய்க்கே அலையில் ஏற ஆசை வந்தால் அவருக்காகக் கரையில் நிற்பது யார்?

அதற்கான பதிலைத் தேடிப் பாக் நீரிணையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலை அடுத்திருக்கிறது அறுகம்பே. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் கலந்து வாழும் பகுதி. உள்நாட்டுப் போரையும் பார்த்தது, 2004 டிசம்பர் 26-இன் சுனாமியில் சின்னாபின்னமும் ஆனது. அதே கடல் ஆண்டுதோறும் ஏப்ரல், மே முதல் அக்டோபர் வரை உலகெங்குமிருந்து அலைச்சறுக்குக்காரர்களை இழுத்து வருகிறது. வெளிநாட்டுப் பெண்கள் அலையேறுவதை உள்ளூர்ப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் கரையிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். உள்ளூர் ஆண்கள் பலகை வாடகைக்கு விட்டார்கள், கற்றுக்கொடுத்தார்கள், போட்டிகளில் வென்றார்கள். பெண்களுக்குச் சமையற்கட்டு.

2011-இல் கலிஃபோர்னியாவிலிருந்து கணவருடனும் பிள்ளைகளுடனும் அங்கே குடியேறினார் டிஃபனி கரோதர்ஸ். பக்கத்து வீட்டில் ஷாமலி சஞ்சயா. அலைச்சறுக்குக் குடும்பத்தில் பிறந்தும் அலையேறாமலிருந்தவர். டிஃபனி அவருக்குப் பலகையைக் கொடுத்துக் கூப்பிட்டார். இருவரும் போவதைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். எதிர்ப்பு வராமலில்லை. வெயிலில் கறுத்துப்போவாய் என்றார்கள், பெண்ணுக்கு அழகில்லை என்றார்கள், ஊர்ப் பெண்களைக் கெடுக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். 2018-இல் அது 'அறுகம்பே பெண்கள் அலைச்சறுக்குக் கழகம்' என்று பெயர் பெற்றது. இலங்கையில் பெண்களுக்கென்றே அமைந்த முதல் அலைச்சறுக்குக் கழகம் அதுதான். ஷாமலி அதன் தலைவி, அவரும் ஒரு தாய்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தொடக்கம் ஒரு பயிற்சியாளரிடமிருந்தோ அரசுத் திட்டத்திலிருந்தோ வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு குடும்பப் பெண்ணிடமிருந்து வந்தது. ஒருத்தி தனியாகக் கடலில் இறங்கினால் ஊர் அவளைப் பற்றிப் பேசும். பத்துப் பேர் சேர்ந்து இறங்கினால் ஊருக்குப் பழகிவிடும். நடைமுறையிலும் பத்துப் பேர் என்றால் வேலை எளிது. ஐந்து பேர் தண்ணீரில் இருக்கும்போது ஐந்து பேர் கரையில் எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். நாற்று நடவிலும் கல்யாண வீட்டுச் சமையலிலும் நம் பெண்கள் முறை வைத்துச் செய்துவந்த காரியம்தானே இது.

உலக அரங்கில் உச்சியைத் தொட்ட தாய்மாரின் கதையும் வேறல்ல. அமெரிக்காவின் லிசா ஆண்டர்சனுக்கு 1993-இல் மகள் பிறந்தாள். மறு ஆண்டே அவர் உலகச் சாம்பியன். 1997 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் அவர் கையில்தான் இருந்தது. ஹவாயின் பெத்தனி ஹாமில்டன் 13 வயதில், 2003-இல், சுறா கடித்து இடக்கையை இழந்தவர். 2015-இல் தாயானார். அடுத்த ஆண்டே ஃபிஜியில் நடந்த உலகப் போட்டியில் முன்னணி வீராங்கனைகளை வீழ்த்தி மூன்றாமிடம் பெற்றார். போட்டிகளுக்குக் கணவரும் குழந்தையும் உடன் பயணம் செய்தார்கள். அவருடைய கரையில் ஆள் இருந்தது. உலக அலைச்சறுக்கு லீக் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத்தொகை வழங்கத் தொடங்கியது 2019-இல்தான்.

சாம்பியன் ஆகப் போவதில்லை என்றிருக்கும் தாய்க்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். உடல்நலம் ஒரு பயன். பிரசவித்த பெண்களும், மருத்துவத் தடை இல்லாத பட்சத்தில், வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவது நல்லது என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. பலகையில் குப்புறப் படுத்துத் துழாவுவது தோளையும் முதுகையும் வலுப்படுத்தும். ஆனால் அவசரம் கூடாது. சிசேரியன் ஆனவர்களும் இடுப்புத் தசை தளர்ந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பலகையைத் தொடக் கூடாது. தொடக்கக்காரர்களுக்கு எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள மெத்தென்ற பலகை, இடுப்பளவுத் தண்ணீர், பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள், இந்த மூன்றும் கட்டாயம்.

இன்னொரு பயன் ஊருக்கானது. 2022-இல் மட்டும் இந்தியாவில் 38,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது. அலைச்சறுக்குக் கற்பவர் முதலில் கற்பது நீச்சல். அடுத்து, கரையிலிருந்து ஆளை உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டத்தை அடையாளம் காண்பது. எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியேற வேண்டும் என்பதும் அப்போதே பாடம். இது தெரிந்த ஒரு தாய் இருக்கும் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு காவல் இருக்கிறது என்று பொருள்.

கடலையும் ஊர் நலனையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம் அலைச்சறுக்கு மையங்களுக்குப் புதிதல்ல. சென்னையை அடுத்த கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய பள்ளி குப்பத்துப் பையன்களைக் குடியிலிருந்து விலக்கிக் கடலுக்குத் திருப்புவதை நோக்கமாக்கிக்கொண்டது. கேரளக் கோவளத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பலகை கிடையாது என்பது விதி. கர்நாடகத்தின் கோடி பெங்கரேயில் இஷிதா மாளவியா 2007-இல் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய ஷாகா கழகம் மீனவர் பிள்ளைகளைப் பலகையில் ஏற்றியது. முதலில் பையன்கள் வந்தார்கள், பிறகு சிறுமிகள். பாக்கியிருப்பவர்கள் அம்மாக்கள்.

அவர்களுக்குக் கடல் அந்நியம் என்று யாராவது சொன்னால் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பாம்பனைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் தலைமுறைகளாக மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். அவர்களில் பிள்ளை பெற்றவர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. பாசி அழிந்துவிடாமலிருக்க எந்த நாளில் எடுப்பது, எந்த நாளில் விடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சர்வதேச சீகாலஜி பரிசு கிடைத்தது. பிழைப்புக்காகக் கடலில் இறங்கும் தாயை யாரும் தடுக்கவில்லை. சந்தோஷத்துக்காக இறங்குகிறேன் என்று சொல்லும்போதுதான் ஊர் புருவத்தை உயர்த்துகிறது.

மறுபடியும் அந்த வெள்ளி இரவு பஸ்ஸுக்கு வருவோம். மாவு அரைப்பதும் மாத்திரை பிரிப்பதும் கணவருக்கு வராத வித்தைகள் அல்ல. ஒரு வாரம் அவர் வீட்டில் இருக்கலாம். அல்லது எல்லோருமே பஸ் ஏறலாம். விடிகாலை ஆறு மணிக்கு மாமல்லபுரத்து மணலில் ஒரு தகப்பன் உட்கார்ந்திருக்கட்டும். மடியில் பால் புட்டி, பக்கத்தில் இரண்டு ஜோடி சின்னச் செருப்பு. "அம்மா எங்கப்பா?" என்று பிள்ளை கேட்டால், அவர் கடலைப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.