வாசலில் நிற்கும் டிராக்டர்

சொந்த டிராக்டர் சம்பாதித்துக் கொடுக்குமா? மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேணும். சேறடித்து முடித்ததும் வண்டி வாசலில் சும்மா நிற்கும். மதுரைக்குப் பக்கத்திலேயே டிராக்டர் தயாரிக்கிற டாஃபே நிறுவனம் இதற்கு ஒரு வழி பண்ணியது. அதன் ஜேஃபார்ம் சர்வீசஸ் செயலியில், வண்டி வைத்திருப்பவரும் வண்டி தேவைப்படுபவரும் நேரடியாகப் பேசி வாடகையை முடித்துக்கொள்ளலாம்; நடுவில் கமிஷன் கிடையாது. 2020 ஊரடங்கில், டாஃபேயின் இலவச வாடகைத் திட்டத்தில், தமிழகச் சிறு விவசாயிகள் அரசின் உழவன் செயலி வழியாகப் பதிந்து, வாடகை கொடுக்காமலே உழுதார்கள். ஜேஃபார்ம் செயலி கம்பெனி கொடுத்தது. அதை நம்பி ஓடுவதோ, டிராக்டர் வாங்கிய விவசாயிகளின் சொந்த வண்டிகள்!