பிடிக்கவும் தெரியும், விடவும் தெரியும்

ஞாயிறு மாலை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் வெளிநாட்டு ஊழியர் கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது. 2020 ஏப்ரலில் அந்தக் கூட்டம் தங்கும் விடுதிகளுக்குள் அடைபட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிசிஆர் பரிசோதனையில் கொவிட் உறுதியான விடுதி ஊழியர்கள் 54,000 பேருக்கு மேல். மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தது வரை எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் பல ஆய்வகங்களில் வேலை பார்த்தது, துருவுக்கு ஒன்றுவிட்ட உறவான காந்த இரும்பு ஆக்சைடு.

பரிசோதனைக்கு முன் கிருமியின் ஆர்என்ஏவைச் சளியிலிருந்து பிரித்தாக வேண்டும். அடர்ந்த உப்புக் கரைசல் கிருமியின் உறையை உடைக்கும். அதில் காந்த மணிகளைக் கலப்பார்கள். மணிக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள், மேலே சிலிக்காப் பூச்சு. அந்த உப்பில் ஆர்என்ஏ சிலிக்காவோடு ஒட்டிக்கொள்ளும். குழாயைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்ததும் கலங்கிய பழுப்பு நீர் தெளிந்து, மணிகள் சுவரில் கறையாய் அப்பிக்கொள்ளும். நீரை உறிஞ்சியெடுத்து, ஆல்கஹாலில் அலசி, கடைசியில் உப்பில்லாத நீர் விட்டால் ஆர்என்ஏ இறங்கிவிடும். ஒரு தட்டில் 96 மாதிரிகளை எந்திரமே இப்படி முடித்துவிடும்.

காந்த இரும்பு ஆக்சைடான மேக்னடைட் கல்லைப் பொடித்துப் போட்டால் ஆகாதா? ஆகாது. காந்தத்தை எடுத்த பிறகும் அந்தப் பொடி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டே கிடக்கும். துகள் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே போனால்தான் கதை மாறும். அந்த அளவில் அறையின் வெப்பமே துகளின் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். வெளியே காந்தம் வந்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், போனால் கலைந்துவிடும். என்னைக் கேட்டால், இழுப்பதைவிட இந்த விடுவதுதான் பெரிய வித்தை.

இந்த நுண்துகள்களின் செய்முறையோ ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிது. ஃபெரிக் குளோரைடு இரண்டு பங்கு, ஃபெரஸ் குளோரைடு ஒரு பங்கு. நீரில் கரைத்து அம்மோனியா ஊற்றினால் மஞ்சள் பழுப்புக் கரைசல் கண்ணெதிரே கன்னங்கரேலென்று மாறும். பிரான்சின் ரெனே மஸார் 1981இல் வெளியிட்ட வழி இது. காற்றுப் புகாமல் நைட்ரஜன் ஓட்டுவார்கள். காற்றை விட்டால் மேக்னடைட் மெல்லப் பழுப்பு மேக்ஹிமைட்டாகிவிடும். அதுவும் காந்தம்தான் என்பதால் பல வேலைகளுக்குப் பாதகமில்லை. துகள்களை ஒரே அளவில் வைப்பதுதான் பாடு.

வேதியியலாளர்கள் இதே துகள்களின் மேல் விலையுயர்ந்த பல்லேடியம் போன்ற வினையூக்கிகளை ஏற்றுகிறார்கள். வினை முடிந்ததும் குடுவைக்கு வெளியே காந்தத்தைப் பிடித்துக்கொண்டு கரைசலை ஊற்றிவிடலாம். வடிதாள் வேண்டாம், வினையூக்கியும் அடுத்த முறைக்கு ஆகும். வலுவான அமிலம் பட்டால் மட்டும் துகளே கரைந்துபோகும். அதனால் அங்கேயும் முதலில் சிலிக்காப் பூச்சுத்தான் பூசுகிறார்கள்.