மருந்துக்கும் ஒரு பரீட்சை

நேயர்களே, மாணவர்களுக்குப் பரீட்சை வைத்தே தலை நரைத்தவன் நான். ஆயினும், இன்று கூற வந்தது பூச்சிமருந்து எழுதும் பரீட்சையைப் பற்றியாகும். ஒரு பாடத்தில் சிறப்பாகத் தேறிய மருந்தொன்று மற்றொரு பாடத்தில் தவறிய வரலாறு நமது மலையகத்திலேயே உண்டு.

தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டொன்று இருக்கிறது. அது நெல்மணியினும் சிறியது. கிளையில் சிறு துளையிட்டு உள்ளே சுரங்கம் குடைகிறது. அது மரத்தை உண்பதில்லை. தன்னுடன் கொண்டுவரும் பூஞ்சணத்தைச் சுரங்கத்தில் வளர்த்து, அதனையே தன் குஞ்சுகளுக்கு உணவாக்குகிறது. குடையப்பட்ட கிளையோ, கொழுந்து பறிப்போர் கைபட்டாலே முறிந்துவிடும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் தொழிலாளர் குடும்பத்தின் வருவாயும் குறையும்.

இத்தகைய பூச்சிக்கு மருந்தைச் சோதிப்பது எங்ஙனம்? தோட்டத்தைச் சமமான துண்டுகளாகப் பிரிப்பர். எவற்றுக்கு மருந்து, எவற்றுக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் தீர்மானிப்பர். பின்னர் இருவகைத் துண்டுகளிலும் பூச்சிகளை எண்ணுவர். மருந்திடாத துண்டு இல்லையேல், மழை செய்த வேலைக்கும் மருந்து புகழ் பெற்றுவிடும் அன்றோ!

துளைக்கும் வண்டுக்கு எதிராக 1950களில் டில்ட்ரின் என்னும் மருந்து வந்தது. வண்டும் அடங்கியது. ஆனால் மருந்து தெளித்த தோட்டங்களில், இலைகளை நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் இலைசுருட்டிப் புழு பெருகலாயிற்று.

காரணம் யாது? முன்னரே அப்புழு பெருந்தொல்லை தந்தபோது, 1935-36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவி இங்கே கொண்டுவரப்பட்டது. அது புழுவின் உடலில் முட்டையிடும். ஒரே முட்டை பிரிந்து பல குஞ்சுகளாகிப் புழுவை உண்டு அழிக்கும். கூலி கேளாத அக்காவலாளி பல ஆண்டுகள் புழுவை அடக்கி வைத்திருந்தது. டில்ட்ரின் அக்குளவியையும் கொன்றது. காவலாளி வீழ்ந்ததும் கள்வன் தலையெடுத்தான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் இத்தொடர்பை 1960களில் விளக்கினர்.

நெல்வயலிலும் இதே பாடம் கிடைத்தது. 1970களில் ஆசிய நாடுகள் பலவற்றில், மருந்தடித்த வயல்களிலேயே கபிலநிறத் தத்தி பெருகியது. அதனைத் தின்னும் சிலந்திகள் மடிந்தமையே முக்கிய காரணம். 1986இல் இந்தோனேசியா, நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. டில்ட்ரினோ, மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்குவது. 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை முதலில் விலக்கிய பன்னிரண்டு நச்சுப்பொருள்களுள் அதுவும் ஒன்று.

நேயர்களே, வண்டைக் கொன்றதா என்ற கேள்விக்கு டில்ட்ரின் சரியான விடையே எழுதியது. குறை, வினாத்தாளில் வேறு கேள்விகள் இல்லாமையே. தெளிப்பவர் உடலுக்கு என்ன நேரும்? நீரோடைக்கு என்ன நேரும்? நமக்கு உதவும் பூச்சிகளின் கதி யாது? இவற்றையும் சேர்த்துக் கேட்பதே முழுமையான பரீட்சை. தோட்டத்து மருந்தாயினும் வீட்டுக் காய்கறிப் பாத்திக்கு வாங்கும் மருந்தாயினும், எத்தனை பூச்சி செத்தது என்பதோடு நில்லாமல், எவையெவை செத்தன என்றும் கேட்போமாக.