பச்சை விளக்கின் பன்னிரண்டு விநாடிகள்

பக்கவாதத்திற்குப் பின் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “டாக்டர், நான் மறுபடியும் நடப்பேனா?” பல வாரப் பயிற்சிக்குப் பின் அவர்களுள் பெரும்பாலோர் கைத்தடியின் துணையுடனோ பிறர் துணையுடனோ நடக்கத் தொடங்குகின்றனர். சில மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்பொழுது கேள்வி குடும்பத்தாரிடமிருந்து வருகிறது: “வீட்டுக்குள் நன்றாகத்தான் நடக்கிறார். வெளியேதான் அழைத்துச் செல்ல முடியவில்லை. என்ன செய்வது?”

இந்த இரண்டாவது கேள்விக்கு மருந்துச் சீட்டில் விடை எழுத இயலாது. அதற்குரிய விடை நடைபாதையிலும், பேருந்தின் படிக்கட்டிலும், சாலைச் சந்திப்பின் விளக்கிலும் இருக்கிறது. ஒரு நகரம் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது என்பது நோயாளியின் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று. ஆகவேதான் நகர அமைப்பைப் பற்றி ஒரு மருத்துவர் இந்த இதழில் எழுத நேர்கிறது.

நடைவேகமும் சாலை விளக்கும்

நடைவேகத்தை நாங்கள் நாடித்துடிப்பைப் போன்ற ஓர் அளவுகோலாகவே கொள்கிறோம். விநாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவாக நடப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டுமே நடமாடக்கூடியவர். 0.4 முதல் 0.8 மீட்டர் வரை நடப்பவர் வெளியிடங்களில் ஓரளவு நடமாட வல்லவர். 0.8 மீட்டருக்கு மேல் நடப்பவர் கடைவீதிக்கும் கோயிலுக்கும் தாமாகச் சென்று வரக்கூடியவர். பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களை மதிப்பிடுவதற்கு உலகெங்கும் மறுவாழ்வு மருத்துவர்கள் பின்பற்றும் பகுப்பு இது.

சாலைப் பொறியாளர்களும் ஒரு நடைவேகத்தைக் கணக்கில் கொள்கின்றனர். பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு எத்தனை விநாடி எரியவேண்டும் என்பதைக் கணக்கிடப் பல நாடுகளில் எடுத்துக்கொள்ளப்படும் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். அது நோயற்ற, நடுத்தர வயதினர் ஒருவரின் நடை. 15 மீட்டர் அகலமுள்ள சாலையை அவர் பன்னிரண்டரை விநாடிகளில் கடந்துவிடுவார். விநாடிக்கு 0.6 மீட்டர் நடக்கும் நம் நோயாளிக்கு அதே சாலையைக் கடக்க 25 விநாடிகள் வேண்டும். விளக்கு சிவப்பாக மாறும்பொழுது அவர் சாலையின் நடுவில் நிற்பார். ஒருமுறை அவ்வாறு நின்றவர் மறுமுறை அச்சந்திப்பிற்குச் செல்லத் துணிவதில்லை.

இதற்குத் தீர்வு உண்டு. சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு முதல் சில சந்திப்புகளில் ஓர் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் பயணச் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 விநாடிகள் வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். கருவி எளியது, பயனோ பெரிது. தொழில்நுட்பம் மனிதரின் நடைக்கு இசைந்து கொடுத்தது என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம்.

சீர்மிகு நகரம் என்பது எது?

இந்தியாவில் சீர்மிகு நகரங்கள் திட்டம் 2015ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று தொடங்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட 100 நகரங்களுள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், வேலூர், திருப்பூர், திருநெல்வேலி, தூத்துக்குடி, ஈரோடு ஆகிய 11 நகரங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. கண்காணிப்புக் கேமராக்கள், கட்டுப்பாட்டு மையங்கள், ஒளிரும் விளக்குகள், செயலிகள் எனப் பலவும் இக்காலத்தில் நம் நகரங்களுக்கு வந்தன. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டதும் இத்திட்டத்தின் பயனே.

இவற்றை மதிப்பிட ஒரு மருத்துவரிடம் உள்ள அளவுகோல் மிக எளியது. சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர், பார்வையற்றவர், மூச்சுத்திணறலால் நூறடிக்கு ஒருமுறை அமர வேண்டியவர், கைக்குழந்தையை ஏந்திய தாய் ஆகியோர் அவ்விடத்தைத் தாமாகப் பயன்படுத்த முடிகிறதா? முடியுமாயின் அது சீர்மிகு இடம். முடியாதெனில் எத்தனை கேமரா பொருத்தினும் அவர்களைப் பொறுத்தவரை அது பூட்டிய வீடு.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். இத்தொகையில் சேராத மற்றொரு பெருங்கூட்டமும் உண்டு. எலும்பு முறிந்து மூன்று மாதம் ஊன்றுகோலில் நடப்பவர், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர், நிறைமாதக் கர்ப்பிணி, எண்பதைக் கடந்த பாட்டனார் ஆகிய எவரும் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. ஆயினும் உயரமான படி அவர்களையும் ஒருங்கே தடுக்கிறது.

சில சென்டிமீட்டர்களின் கதை

அணுகத்தக்க நகரம் பெருந்தொகையால் மட்டும் உருவாவதன்று. அளவுகளைச் சரியாகக் கடைப்பிடிப்பதால் உருவாவது. நடைபாதை சாலையிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் உயர்ந்திருத்தல் ஆகாது. அது முடியுமிடத்தில் சரிவு இருத்தல் வேண்டும். வாகனங்கள் ஏறாதிருக்க நடைபாதையின் முகப்பில் நடப்படும் கம்பங்களுக்கிடையே சக்கர நாற்காலி நுழையும் இடைவெளி வேண்டும். இரு சக்கர வாகனத்தைத் தடுக்கும் பொருட்டுக் கம்பங்களை நெருக்கி நட்டால், நடைபாதைக்கு உரியவரே வெளியே நிற்க நேரும்.

சாய்தளத்தின் சரிவு 12க்கு 1 என்ற விகிதத்திற்கு மேற்படலாகாது. 45 செ.மீ. உயரமுள்ள வாசலுக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும் என்பது இதன் பொருள். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் கட்டப்படும் சாய்தளம் புகைப்படத்திற்கு உதவும். அதில் ஏறுபவருக்கு ஆபத்தை விளைவிக்கும்.

பார்வையற்றோர் காலாலும் கோலாலும் உணர்ந்து நடப்பதற்கான மஞ்சள் நிற ஓடுகளை ரயில் நிலையங்களில் கண்டிருப்பீர்கள். நீள்கோடுகள் ‘செல்க’ என்றும், புடைத்த புள்ளிகள் ‘நிற்க, கவனிக்க’ என்றும் உணர்த்துகின்றன. ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே உருவாக்கிய இவ்வோடுகள் 1967ஆம் ஆண்டு ஒகயாமா நகரின் சாலை ஒன்றில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. ஒரு மரத்தின் மீதோ மின்பெட்டியின் மீதோ கொண்டுபோய் முட்டவைக்கும் ஓட்டுவரிசை, இல்லாததைவிடக் கொடிது.

பேருந்திலும் இதே கதைதான். பழைய வகைப் பேருந்துகளின் தளம் தரையிலிருந்து 90 செ.மீ. வரை உயர்ந்திருக்கும். தாழ்தளப் பேருந்தில் அது ஏறத்தாழ 40 செ.மீ.தான். நிறுத்தத்தில் ஒருபுறமாகச் சற்றே தாழ்ந்து, மடிப்புச் சாய்தளத்தையும் விரித்துக் கொடுக்கும் இத்தகைய பேருந்துகள் சென்னையில் 2024 ஆகஸ்ட் முதல் இயக்கப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தின் கதவைப் பலமுறை தட்டிய பின்னரே இவை வந்தன என்பதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். எனினும் ஓட்டுநர் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்தினால்தான் சாய்தளம் பயன்படும். நிறுத்தத்தின் முன்னே ஆட்டோக்கள் நின்றால் தாழ்தளமும் உயர்தளமே.

மெரினா கற்பித்த பாடம்

கடலலையில் கால் நனைப்பது பலருக்கு அன்றாட இன்பம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது பல்லாண்டுக் கனவு. 2022 நவம்பர் 27 அன்று சென்னை மெரினாவில் மணற்பரப்பின் மீது 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மரப்பலகைப் பாதை திறக்கப்பட்டது. வாழ்நாளில் முதன்முறையாக அலையருகே சென்றவர்களின் முகங்களை நாளிதழ்களில் கண்டோம். இரண்டு வாரத்திற்குள் மாண்டஸ் புயல் அப்பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது.

அமைப்பது ஒருநாள் விழா. பேணுவது அன்றாடக் கடமை. இயங்காத மின்தூக்கியும், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும், உடைந்த சாய்தளமும் கணக்கேட்டில் ‘உள்ளன’ என்றே பதிவாகியிருக்கும்.

கைப்பேசியும் ஒரு கதவே

இன்று மின்கட்டணம் செலுத்துவதும் மருத்துவரைக் காண முன்பதிவு செய்வதும் கைப்பேசி வழியே நடைபெறுகின்றன. திரையைக் குரலாக மாற்றிப் படிக்கும் மென்பொருளுக்குப் புரியாத செயலி, பார்வையற்றவருக்கு மூடிய கதவு. நடுங்கும் விரல்களையுடைய பார்க்கின்சன் நோயாளி, முப்பது விநாடிக்குள் எண்ணைப் பதியச் சொன்னால் என்ன செய்வார்? முகச் சரிபார்ப்பில் கண் இமைக்கச் சொன்னால், அமில வீச்சால் இமை சிதைந்தவர் என்ன செய்வார்? இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எண்ணிமச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே என 2025 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் நம் பக்கம் உள்ளது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரிவாக்கியது. பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய், தாலசீமியா, ஹீமோஃபிலியா ஆகியவையும் இதில் அடங்கும். தாம் இச்சட்டத்தின் பாதுகாப்பிற்கு உரியவர் என்பதை அறியாத நோயாளிகளை ஒவ்வொரு வாரமும் காண்கிறேன். அணுகத்தக்க வசதிகளின்றிக் கட்டடம் எழுப்ப அனுமதியோ, அதில் குடியேறச் சான்றோ வழங்கலாகாது என்று இச்சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறுகிறது. அணுகல் வசதிகளுக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் போதாது, கட்டாயமானவையாக இருத்தல் வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வீட்டிலேயே இருப்பதன் விலை

“வெளியே போய் என்ன ஆகவேண்டும், வீட்டிலேயே ஓய்வாக இருங்கள்” என்று அன்பின் மிகுதியால் சொல்வதுண்டு. வெளியே செல்லாத உடலில் தசை மெலிகிறது; எலும்பு வலுவிழக்கிறது; இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பாட்டை மீறுகின்றன. மனச்சோர்வு மெல்லக் குடிபுகுகிறது. பயிற்சிக்கு வருவதே நின்றுபோவதால், அரும்பாடுபட்டு மீட்ட நடையும் தேய்கிறது. இத்துன்பம் நோயாளியோடு முடிவதில்லை. ஒவ்வொரு பயணத்திற்கும் தூக்கி இறக்க ஆள் வேண்டியிருப்பதால் மனைவியோ மகளோ வேலையை விடுகிறார்; தூக்குபவரின் முதுகும் நோகிறது. ஊரில் ஒரு சாய்தளம் இல்லாததற்கான செலவைக் குடும்பம் மௌனமாகச் செலுத்திக்கொண்டிருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்புமுன், வாசற்படிகளின் உயரத்தையும் கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்து வந்து எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கூறுங்கள். சக்கர நாற்காலி எளிதில் செல்லக் கதவின் திறந்த இடைவெளி 90 செ.மீ. இருப்பது நன்று. நடைவேகத்தை அளந்து சொல்லுமாறும் கேளுங்கள். எந்தச் சாலையைத் தனியே கடக்கலாம், எதைத் துணையுடன் கடக்கவேண்டும் என்பதை அவ்வெண் தெளிவாக்கும். வீட்டருகேயுள்ள சாலையில் பயிற்சி பெறுவதும் சிகிச்சையின் பகுதியே.

தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்றளிக்கப்பட்டவர்களுக்குப் பல சலுகைகள் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும். வெளியே வரவே இயலாத நிலையில் உள்ளவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை பெறலாம்.

தடையைக் கண்டால் பழகிப்போக வேண்டாம். புகைப்படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913. பதில் கிடைக்காவிடில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரை நாடலாம். ‘சாலை சரியில்லை’ என்ற பொதுவான குறையைவிட, ‘இப்பேருந்து நிறுத்தத்தின் முன் 30 செ.மீ. உயரப் படி உள்ளது’ என்ற துல்லியமான குறை விரைவில் கவனிக்கப்படும். எங்கள் மருத்துவமனையின் சாய்தளத்திலோ கழிப்பறையிலோ குறை இருப்பினும் இதே துல்லியத்துடன் எங்களிடம் கூறுங்கள்.

எலும்பையும் நரம்பையும் தசையையும் சீர்செய்யும் பொறுப்பு எங்களுடையது. சீரான அந்தக் கால்கள் நடப்பதற்குரிய தரையை அமைக்கும் பொறுப்பு ஊருடையது. அவ்வூருக்கு எது தேவை என்பதை மிகத் துல்லியமாக அறிந்தவர்கள் நீங்களே. ஆகையால் கேளுங்கள்; அளந்து கேளுங்கள்; கிடைக்கும் வரை கேளுங்கள்.