பழைய டேப்பெட்டைத் திரும்பப் போடலாமா?

உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. கடலூரிலோ சிதம்பரத்திலோ இன்று அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை பார்க்கிறவர், கழற்றிய பாகத்தையே திரும்பப் போடலாமா என்று யோசிப்பதில் தப்பே இல்லை. போடலாம். ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது. கேம் டேப்பெட்டைத் தூக்கும். அது புஷ் ராடைத் தள்ளும். மேலே ராக்கர் சாய்ந்து வால்வை அமுக்கும். மொத்தம் எட்டு வால்வு, எட்டு டேப்பெட்.

இதில் வம்பு பிடித்த ஜோடி கேமும் டேப்பெட்டும்தான். இந்த வகை எஞ்சின்களில் பொதுவாக டேப்பெட்டின் அடி, கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். ஓடும்போது அது மெல்லச் சுழன்றுகொண்டே இருப்பதால் தேய்மானம் ஓரிடத்தில் விழாமல் பரவுகிறது. வருடக்கணக்கில் ஓடியதில் இரண்டும் ஒன்றின் முகத்துக்கு மற்றொன்று பழகிவிடும். ஒருவர் போட்டுத் தேய்த்த செருப்பு அடுத்தவர் காலுக்கு ஒத்துவராதது போலத்தான் இதுவும். ஆகவே கழற்றும்போதே ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசையாகச் செருகி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் கொட்டிவிட்டால், நல்ல டேப்பெட்டும் அந்த நிமிடமே வீண்.

டேப்பெட்டைச் சோதிப்பது எளிது. இரண்டின் அடிகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் குவிவு இருக்கிறது. நடுவில் குழி விழுந்திருந்தாலோ, புள்ளி புள்ளியாக அரித்திருந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். கேம் நன்றாக இருந்தால் அதன்மேல் புது டேப்பெட் போடலாம். புது கேமின்மேல் பழைய டேப்பெட் கூடவே கூடாது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு வண்டியின் கேமையும் வேறொரு வண்டியின் டேப்பெட்டையும் வாங்கிச் சேர்ப்பதைவிட மோசமான சிக்கனம் எனக்குத் தெரியவில்லை.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. பிரித்த எஞ்சின் பாகம் கிடைக்கும்வரை வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும். எண்ணெய் பூசி, பாலித்தீனில் சுற்றாத கேமில் துரு ஏறும். மேலோட்டமான கறையைத் துடைத்துவிடலாம். குழியாகிவிட்டால் வழியில்லை.

புஷ் ராடைக் கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். நேராக இருந்து, முனைகளும் தேயாமல் இருந்தால் பயமின்றிப் போடலாம். வால்வு ஸ்பிரிங்கின் உயரத்தைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் விசையை லேத் பட்டறையில் சோதித்துக்கொள்வது இன்னும் நல்லது.

பலர் கோட்டைவிடுவது ராக்கரில். வால்வைத் தொடும் அதன் முனையில் குழி விழுந்திருந்தால், ஃபீலர் கேஜ் குழிக்குள் இறங்காமல் மேடுகளின்மேல் பாலம் போல நிற்கும். அளவு சரியாகக் காட்டும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். டேப்பெட் செட் செய்த மறுநாளே சத்தம் வருகிறதென்றால் மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன் ராக்கரைக் கழற்றிப் பாருங்கள். முனையைச் சாணை பிடித்துச் சரிசெய்யலாம். ஆனால் கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது, அதைத் தாண்டிவிட்டால் ராக்கர் சீக்கிரமே மறுபடி குழிந்துவிடும்.

புது கேமும் புது டேப்பெட்டும் போட்டிருந்தால், இரண்டிலும் கேமுக்கான பேஸ்டைத் தடவிவிட்டு, எஞ்சின் பிடித்ததும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்.பி.எம். அளவில் 20 நிமிடம் ஓட்டுங்கள்.