மறுபடியும் வயிற்றுப்போக்கா? பழைய நோய் மேல் பழி போடாதீர்கள்!

''ஆறு மாசமா நல்லாத்தான் இருந்தேன் டாக்டர். போன வாரத்துலேர்ந்து மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு. பழைய நோய்தானேன்னு, மிச்சம் இருந்த ஸ்டீராய்டு மாத்திரையை நானே போட்டுக்கிட்டேன். ஆனா நிக்கவே மாட்டேங்குது!''

குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் பலர் சொல்லும் புகார் இது. ஆனால், திரும்ப வந்திருப்பது பழைய நோய்தானா? புதிதாக நுழைந்த கிருமியாகவும் இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்து சாப்பிடுவது சில சமயம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

அதென்ன குடல் அழற்சி நோய்?

நாம் சாதாரணமாக 'அல்சர்' என்று சொல்வது இரைப்பைப் புண்ணை. இது வேறு. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குவதுதான் குடல் அழற்சி நோய். பெருங்குடலில் மட்டும் வந்தால் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது 'க்ரோன்ஸ்' நோய். இரண்டுமே சில மாதம் அடங்கியிருக்கும், திடீரென்று தலைதூக்கும்.

'சி.டிஃப்' என்ற வில்லன்

சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர் என்று வயிற்றைக் கலக்கும் கிருமிகள் பல உண்டு. ஆனால், இந்த நோயாளிகள் முக்கியமாகப் பயப்பட வேண்டியது 'க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்ற பாக்டீரியாவுக்கு. சுருக்கமாக 'சி.டிஃப்'. 1935-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டாலும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்பது 1978-ல்தான் தெரிந்தது.

நம் குடலில் கோடானுகோடி நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை இருக்கும்வரை சி.டிஃப் வாலாட்டாது. ஆன்டிபயாடிக் மருந்து கெட்டதோடு சேர்த்து நல்லதையும் அழித்துவிடும். காலியான இடத்தில் சி.டிஃப் பெருகி, விஷத்தைக் கக்கி, குடல் சுவரைப் புண்ணாக்குகிறது. குடல் அழற்சி நோயாளிகளுக்கோ நல்ல பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். அதனால் ஆன்டிபயாடிக் சாப்பிடாமலேகூட இது வரலாம்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல், ரத்தம்... இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அறிகுறிகள்தான். பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மலப் பரிசோதனைதான் வழி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண மல 'கல்ச்சர்' பரிசோதனையில் சி.டிஃப் தெரியாது. அதற்கென்று தனியாக 'டாக்ஸின்' பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். ''எனக்குக் குடல் அழற்சி நோய் இருக்கு. சி.டிஃப் டெஸ்ட் தேவைப்படுமா டாக்டர்?'' என்று கேட்பதில் தப்பே இல்லை.

சிகிச்சை என்ன?

வான்கோமைசின் மருந்தை வாய்வழியாக, பொதுவாகப் பத்து நாள் கொடுப்பார்கள். இதே மருந்தை ஊசியாக நரம்பில் போட்டால் குடலுக்குள் போய்ச் சேராது. ஃபிடாக்ஸோமைசின் என்ற மருந்தும் உண்டு. முன்பெல்லாம் மெட்ரானிடசோலைத்தான் முதலில் கொடுத்தார்கள். அது அவ்வளவாகப் பலன் தராததால் இப்போது முதல் தேர்வாக இல்லை. குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்பவும் வரலாம். ஆகவே, மறுபடி பேதியானால் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

* ஸ்டீராய்டு அளவை நீங்களாகவே கூட்டாதீர்கள். கிருமி இருந்தால் அது நிலைமையை மோசமாக்கலாம். பயந்துபோய் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

* மெடிக்கல் ஷாப்பில் 'லூஸ் மோஷன்' என்று சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.

* பேதியை நிறுத்தும் லோபரமைடு வகை மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். விஷம் உள்ளேயே தங்கி, பெருங்குடல் பலூன்போல வீங்கிவிடக்கூடும்.

* பல்லுக்கோ, சளிக்கோ வேறு டாக்டரிடம் போனாலும், உங்களுக்கு இருக்கும் குடல் நோயைச் சொல்ல மறக்காதீர்கள். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கலாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு...

சி.டிஃப் கிருமி விதைபோல ஓடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஹேண்ட் சானிடைசருக்கு அது சாகாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கக்கூஸைக் குளோரின் உள்ள பிளீச்சிங் கரைசலால் சுத்தம் செய்யுங்கள். அதோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்!

வயிறு உப்பி வலிப்பது, படபடப்பு, கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, ரத்தம் அதிகமாகப் போவது... இதில் ஒன்று இருந்தாலும் 'விடியட்டும் பார்க்கலாம்' என்று காத்திருக்காதீர்கள். வயிறு உப்பியிருக்கும்போது பேதி திடீரென்று நின்றால், குணமாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை. இந்த வரிசை மட்டும் மாறவே கூடாது!