மத்ரஸாவுக்குக் கணனி கொடுத்தால் மட்டும் போதுமா?



லொறி வாங்குபவர் அதன் விலையை மட்டும் பார்ப்பதில்லை. டீசல், டயர், சாரதி சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போடுவார். ஆனால் மத்ரஸாவுக்குக் கணனி அன்பளிப்புச் செய்யும்போது இந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். அரபுக் கல்வியில் புதிய தொழில்நுட்பம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் ஊவாவில் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது சிக்னல். 2021 இல் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடியிருந்தபோது, போஹிட்டியாவ கிராமப் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து மலைப்பாறையில் ஏறிப் பாடம் படித்தார்கள். லுணுகலைப் பக்கத்தில் மரத்தின் மேலிருந்த குடிலில் ஏறினார்கள். மலை மறைக்கும் தோட்டப்புறங்களில் ஸூம் வகுப்பை நம்பியிருக்க முடியாது. அடுத்த வருடம் மார்ச் 31 இல் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததும் நினைவிருக்கும்.

இரண்டாவது ஒலி. ஸா, ஸீன், ஸாத் என்ற மூன்று எழுத்துகளையும் தமிழில் 'ஸ' என்றே எழுதுகிறோம். வேறுபாட்டைக் காதுதான் பிரித்தறிய வேண்டும். சாதாரணத் தொலைபேசி அழைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியையே கடத்தி வந்தது. ஸாவையும் ஸீனையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலேதான் உள்ளது. ஆகவே தெளிவில்லாத அழைப்பில் ஓதக் கற்கும் பிள்ளை பிழையாகவே கற்கும்.

மூன்றாவது எழுத்து. அரபு வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம். இரண்டையும் ஒரே வரியில் தட்டெழுதினால் சொற்கள் இடம் மாறிவிடுகின்றன. இதற்கு யுனிகோட் முறையில் பயிற்சி பெற்ற மௌலவி தேவை.

இவற்றுக்கு வழியுண்டு. நேரலை வகுப்புக்குப் பதிலாக, மௌலவி நல்ல மைக்கில் ஓதிப் பதிவு செய்து மெமரி காட்டில் கொடுக்கலாம். பிள்ளை சிக்னல் இல்லாமலே திரும்பத் திரும்பக் கேட்கும். தான் ஓதியதைப் பதிந்து, டவுனுக்கு வரும்போது வட்ஸ்அப்பில் அனுப்பும். ஆனாலும் வாரம் ஒரு தடவையாவது உஸ்தாதின் முன்னிலையில் ஓதியே ஆகவேண்டும். வாயசைவைப் பார்த்துத் திருத்துவதற்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை.

ஆகவே உதவ நினைப்பவர்கள் பணத்தில் பாதியைக் கருவிக்கு ஒதுக்குங்கள். மீதியை இரண்டு வருட டேட்டா, பழுதுபார்ப்பு, மௌலவிமாரின் பயிற்சி ஆகியவற்றுக்கு எழுதி வையுங்கள். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது முதல் கருவி வாங்குவதும் இலேசான காரியமல்ல. உள்ளதைப் பாதுகாப்பதே இலாபம்.

1973 இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவிய நளீம் ஹாஜியாரும் ஒரு மாணிக்கக்கல் வியாபாரியே. கல்வியை வளர்ப்பது எம்மவருக்குப் புதிதல்ல. ஸதகதுல் ஜாரியா என்பது பயன் தொடரும் வரை நன்மை தொடரும் தர்மம். அலுமாரியில் தூசு பிடிக்கும் கணனியால் யாருக்குப் பயன்?